மகளுக்கு வேறு ஹை ஸ்கூல் கேட்கலாமா? பே ஏரியா தாய்க்கு ஒரு கல்விச் சட்ட ஆலோசனை

கலிபோர்னியாவின் பே ஏரியாவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கணவர் ஹெச்-1பி வேலை விசாவில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். இவர் அவரைச் சார்ந்து வரும் ஹெச்-4 விசாவில் இருக்கிறார். ஒரே மகள், எட்டாம் வகுப்பு. வரும் ஆகஸ்டில் ஹை ஸ்கூலில் சேர வேண்டும். அவர்கள் வாடகைக்கு இருக்கும் அபார்ட்மெண்ட் எந்த ஹை ஸ்கூலின் எல்லைக்குள் வருகிறதோ, அதற்கு இணையதளத்தில் 10-க்கு 6 ரேட்டிங். அதே ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) ஐந்து மைல் தள்ளி இருக்கும் இன்னொன்றுக்கு 9. மகளை அங்கே சேர்க்க வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. அதற்கு மூன்று வழிகள் யோசித்திருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தோடு மகளின் மதிப்பெண்கள், கணிதப் போட்டிச் சான்றிதழ்கள், ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்கள் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுப்பது முதல் வழி. அது நடக்காவிட்டால், அந்த எல்லைக்குள் வீடு வைத்திருக்கும் குடும்ப நண்பரின் முகவரியைக் கொடுப்பது. "பேப்பர்ல மட்டும்தானே, எல்லாரும் செய்றாங்க" என்று நண்பரே தைரியம் சொல்லியிருக்கிறார். மூன்றாவது, மாதம் 900 டாலர் கூடுதலாகக் கொடுத்து அந்தப் பக்கம் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குக் குடிபோவது.

கடிதத்தின் கடைசியில், வேறு ஏதோ விஷயம் போல, சில வரிகள் வருகின்றன. போன வருடத்திலிருந்து நான்கு மாணவிகள் மகளின் பெயரையும் உச்சரிப்பையும் நிறத்தையும் டிபன் பாக்ஸையும் கேலி செய்கிறார்கள். அவளை விட்டுவிட்டு ஒரு சாட் குழு வைத்து, அவளுடைய படங்களைப் போட்டுச் சிரிக்கிறார்கள். மகள் மதியச் சாப்பாட்டைக் கழிவறைக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்பது சமீபத்தில்தான் தாய்க்குத் தெரிந்திருக்கிறது. ஞாயிறு இரவானால் வயிற்று வலி என்கிறாள். வகுப்பு ஆசிரியையிடம் வாயால் சொன்னார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்றார், அதோடு சரி. அந்த நான்கு பேரும் அடுத்து போகப்போவது இவர்களுடைய எல்லையில் இருக்கும் அதே ஹை ஸ்கூலுக்கு. "விசாவில் இருக்கிற நாங்கள் புகார் என்று போனால் ஏதாவது பிரச்சினை வருமோ என்று பயமாக இருக்கிறது. எங்களுக்கு உரிமை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

ரேட்டிங் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு நடப்பது பற்றி ஐந்தாறு வரிதான். நான் அந்த ஐந்தாறு வரியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். அவளுக்கு இப்போது அவசரம் அதுதான். உங்கள் கையில் இருக்கும் உரிமைகளிலேயே வலுவானதும் அங்கேதான் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியவில்லை என்பது கடிதத்தைப் படித்தபோது புரிந்தது.

அதற்கு முன் விசா பயத்தைத் தீர்த்துவிடுவோம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-ல் பிளைலர் எதிர் டோ என்ற வழக்கில் தந்த தீர்ப்பின்படி, ஒரு குழந்தைக்குக் குடியேற்ற ஆவணமே இல்லாவிட்டாலும் அரசுப் பள்ளி அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்க முடியாது. கலிபோர்னியாவில் பள்ளிகள் குடியேற்ற நிலை பற்றிய விவரங்களைக் கேட்டுச் சேகரிப்பதற்கே சட்டத் தடை இருக்கிறது. நீங்களோ முறையான விசாவில் இருக்கிறீர்கள். பள்ளியில் புகார் கொடுப்பது யூ.எஸ்.சி.ஐ.எஸ். என்ற குடியேற்றத் துறையின் கோப்புக்குள் போகிற விஷயம் இல்லை. புகார் கொடுத்ததற்காக உங்களையோ மகளையோ பழிவாங்குவதும் சட்டப்படி தடை செய்யப்பட்டது. இந்த நாட்டில் தன் குழந்தைக்காக எழுத்தில் கேட்கிற பெற்றோரை யாரும் வம்புக்காரராகப் பார்ப்பதில்லை. வாயால் மட்டும் சொல்லிவிட்டு வருகிற பெற்றோரின் பேச்சுதான் கோப்பில் ஏறாமல் போகிறது.

புல்லியிங்குக்கு (சக மாணவர்களின் துன்புறுத்தலுக்கு) ஆளான குழந்தைக்குத் தனி வழி உண்டு

கலிபோர்னியா கல்விச் சட்டத்தில் 46600 என்று ஒரு பிரிவு இருக்கிறது. டிஸ்ட்ரிக்ட் விட்டு டிஸ்ட்ரிக்ட் மாறுவதைப் பற்றியதுதான் அது. ஆனால் 2019-ல் வந்த திருத்தம், புல்லியிங்குக்கு ஆளான மாணவர்கள் ஒரே டிஸ்ட்ரிக்டுக்குள் பள்ளி மாறுவதையும் அதற்குள் கொண்டுவந்தது. பாதிக்கப்பட்ட மாணவரின் பெற்றோர் அதே டிஸ்ட்ரிக்டில் வேறு பள்ளி கேட்டால், டிஸ்ட்ரிக்ட் அதை ஏற்க வேண்டும். கேட்ட பள்ளி முழுக் கொள்ளளவை எட்டியிருந்தால் மட்டும் அந்தப் பள்ளியை மறுக்கலாம். அப்போதும் கைகழுவ முடியாது. டிஸ்ட்ரிக்டுக்குள் இன்னொரு பள்ளிக்கான கோரிக்கையை ஏற்றாக வேண்டும்.

இது குலுக்கல் அல்ல, அதிர்ஷ்டமும் அல்ல. ஆனால் இந்த உரிமை தானாக வந்து சேராது. சட்டம் யாரை 'பாதிக்கப்பட்டவர்' என்கிறது என்பதைக் கவனியுங்கள். துன்புறுத்தியவர் உங்கள் டிஸ்ட்ரிக்டில் படிக்கும் மாணவராக இருக்க வேண்டும். பெற்றோர் பள்ளியிடமோ, பள்ளி ஊழியரிடமோ, உள்ளூர் போலீசிடமோ எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். டிஸ்ட்ரிக்டின் புகார் விசாரணையில் அந்தக் குழந்தை புல்லியிங்குக்கு ஆளானது உறுதியாகியிருக்க வேண்டும். முதல் நிபந்தனை உங்கள் விஷயத்தில் சரியாக இருக்கிறது. இரண்டாவது இன்னும் நடக்கவில்லை. ஆசிரியையிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. இரண்டாவது இல்லாமல் மூன்றாவது தொடங்கவே தொடங்காது.

ஆகவே இந்த வாரமே பள்ளி பிரின்சிபலுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் 'யூனிஃபார்ம் கம்ப்ளெயிண்ட்' என்ற முறைப்படி வரும் புகார்களைக் கையாளும் அதிகாரி ஒருவர் இருப்பார். அவர் பெயர் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் இருக்கும். அவருக்கும் நகல் போகட்டும். டிஸ்ட்ரிக்டின் புகார்ப் படிவம் இருந்தால் அதையும் நிரப்பி இணையுங்கள். உணர்ச்சியை ஒரு பத்திக்குள் முடித்துக்கொண்டு மீதியை விவரங்களுக்கு விடுங்கள்: எந்தத் தேதி, எந்த இடம், யார் என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள், ஆசிரியையிடம் எப்போது சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார். சாட் குழுவின் ஸ்கிரீன்ஷாட்டுகள் மகளிடமோ அவள் தோழியிடமோ இருந்தால் அழித்துவிடாமல் சேமித்து வையுங்கள். போனிலும் சமூக வலைத்தளத்திலும் நடப்பதும் கலிபோர்னியா சட்டத்தில் புல்லியிங்கின் வரையறைக்குள் வருகிறது. அவள் பெயரை, உச்சரிப்பை, நிறத்தை வைத்துக் கேலி செய்தார்கள் என்பதை மென்மையாக்காமல் அப்படியே எழுதுங்கள். இனம், நிறம், பூர்வீக நாடு போன்றவற்றைக் காரணமாக வைத்து நடக்கும் துன்புறுத்தலைத்தான் இந்தப் புகார் முறை குறிப்பாக விசாரிக்கிறது. பொதுவாக "கிண்டல் செய்கிறார்கள்" என்று மட்டும் எழுதினால், அதைச் சின்னப் பிள்ளைகளின் சண்டை என்று ஒதுக்கிவிடுவது எளிது.

காலக்கெடுகளும் இருக்கின்றன. இந்த வகைப் புகாரை, சம்பவம் நடந்ததிலிருந்து அல்லது அது உங்களுக்கு முதலில் தெரிந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். புகார் கைக்கு வந்த 60 நாட்களுக்குள் டிஸ்ட்ரிக்ட் விசாரித்து எழுத்தில் முடிவு தர வேண்டும். முடிவு தவறு என்று நினைத்தால் 30 நாட்களுக்குள் மாநிலக் கல்வித் துறைக்கு மேல்முறையீடு செய்யலாம். அதாவது இன்றைக்குக் கொடுத்தாலும் முடிவு வர இரண்டு மாதம் ஆகலாம். "கோடை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

டிரான்ஸ்ஃபர் கோரிக்கையை விசாரணை முடிவுக்காகக் காத்திருக்காமல் இப்போதே கொடுத்துவிடுங்கள். அதில் புகாரின் தேதியைக் குறிப்பிட்டு, 46600-வது பிரிவின் கீழ் கேட்பதாக ஒரு வரி சேருங்கள். விண்ணப்பக் கெடு முடிந்துவிட்டது என்று கவுன்ட்டரில் சொன்னால், இது வேறு பிரிவின் கீழ் வருகிற கோரிக்கை என்று பணிவாகச் சொல்லி, மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

இதற்கிடையில் இந்த ஆண்டின் மீதி மாதங்களையும் அவள் அந்தக் கட்டிடத்தில்தான் கழிக்க வேண்டும். அதே மின்னஞ்சலில் பாதுகாப்புத் திட்டம் ஒன்றையும் கேளுங்கள். அந்த மாணவிகளோடு சேர்ந்து வரும் வகுப்புகளில் இருக்கை மாற்றம், மதிய இடைவேளையில் உட்கார ஒரு நூலகமோ ஆசிரியர் அறையோ, அவள் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பேசக்கூடிய ஒரு பெரியவர். எதற்காகவும் உங்கள் மகளையே வகுப்பு மாற்றி, தண்டனை அனுபவிப்பது போல ஆக்கிவிட வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். ஞாயிறு இரவு வயிற்று வலியை அவளுடைய குழந்தை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மருத்துவர் எழுத்தில் பதிந்து வைக்கும் குறிப்பு பின்னால் உதவும் என்பதும் உண்மை. ஆனால் அதைவிட முக்கியம், வீட்டுக்கு வெளியே ஒரு பெரியவர் அவள் சொல்வதைக் கேட்டு நம்புவது. எப்போதாவது "வாழவே பிடிக்கவில்லை" என்கிற மாதிரி அவள் பேசினால், பள்ளியின் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

மதிப்பெண்ணும் சான்றிதழும் இங்கே உதவாது

இனி உங்கள் முதல் திட்டத்துக்கு வருவோம். நம் ஊரில் நல்ல பள்ளியில் இடம் கேட்கும்போது மார்க் ஷீட்டை முதலில் நீட்டிப் பழகியவர்கள் நாம். இங்கே டிஸ்ட்ரிக்டுக்குள் பள்ளி மாறும் பொதுவான ஏற்பாட்டுக்கு ஓபன் என்ரோல்மெண்ட் என்று பெயர். கலிபோர்னியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட ஹை ஸ்கூல் வைத்திருக்கும் டிஸ்ட்ரிக்டுகள் இதற்கு விதிமுறை வைத்திருக்க வேண்டும். கல்விச் சட்டத்தின் 35160.5 பிரிவு சொல்வதன்படி, இருக்கும் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் குலுக்கல் மாதிரி பாரபட்சமற்ற முறையில்தான் தேர்வு செய்ய வேண்டும். படிப்பிலோ விளையாட்டிலோ யார் கெட்டி என்று பார்த்து எடுப்பதை அந்தப் பிரிவு தடை செய்கிறது. நுழைவுத் தகுதி வைத்து நடக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் திட்டங்களுக்கும் மட்டும் விலக்கு. ஆக, நீங்கள் சேகரித்து வைத்திருக்கும் சிபாரிசுக் கடிதங்களால் பயன் இல்லை. அதை நினைத்து வருந்த வேண்டாம். அவற்றைக் கோப்பில் வையுங்கள், கல்லூரிக்கு உதவும்.

குலுக்கலுக்கு முன்பே சிலருக்கு முன்னுரிமை கிடைக்கும். பள்ளி எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைகளை, வெளியிலிருந்து வருபவர்களுக்காக வெளியேற்ற முடியாது. அதனால் அவர்களுக்கு இடம் கொடுத்தபின் மிஞ்சுவதுதான் குலுக்கலுக்கே வரும். அங்கே படிக்கும் மாணவர்களின் உடன்பிறந்தவர்களுக்கு முன்னுரிமை தருவதையும் சட்டம் அனுமதிக்கிறது. அப்புறம் உங்களுக்குப் பொருந்தக்கூடிய ஒன்று. இப்போதைய பள்ளிச் சூழல் பிள்ளைக்குத் தீங்கானது என்று போலீசோ சமூக நலப் பணியாளரோ, உளவியலாளர் போன்ற உரிமம் பெற்ற நிபுணரோ எழுத்தில் தந்தால், அதை வைத்தும் முன்னுரிமை தரலாம். தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் கேட்காமல் கிடைக்காது.

9 ரேட்டிங் பள்ளிகளில் வெளியிலிருந்து வருபவர்களுக்கு மிஞ்சும் இடங்கள் மிகக் குறைவு. சில ஆண்டுகளில் எதுவுமே மிஞ்சுவதில்லை. விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பல டிஸ்ட்ரிக்டுகளில் விண்ணப்பக் காலம் குளிர்காலத்தில் திறந்து சில வாரங்களில் மூடிவிடும். உங்கள் டிஸ்ட்ரிக்டின் தேதியை இன்றே பார்த்து, கெடுவுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வெயிட் லிஸ்டில் பெயர் வந்தால் ஆகஸ்ட் வரை காத்திருங்கள். பள்ளி தொடங்கும் வாரத்தில் குடும்பங்கள் ஊர் மாறும்போது சில இடங்கள் காலியாகும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். டிஸ்ட்ரிக்டுக்குள் மாற்றம் மறுக்கப்பட்டால் கவுண்டி கல்வி வாரியத்துக்கு மேல்முறையீடு போகாது. அது வேறு டிஸ்ட்ரிக்டுக்குப் போகக் கேட்டு மறுக்கப்பட்டவர்களுக்கு உள்ள வழி, அதற்கும் 30 நாள் கெடு. உங்களுக்கு டிஸ்ட்ரிக்டே வைத்திருக்கும் உள்முறையீடுதான் உண்டு.

நண்பரின் முகவரி வேண்டவே வேண்டாம்

இதில் மட்டும் நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. நண்பர் உங்கள் மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் அவர் சொன்னது தவறு. 'எல்லாரும்' செய்வதில்லை. செய்தவர்கள் மாட்டிக்கொண்டதை வெளியில் சொல்வதில்லை.

குடியிருப்புச் சான்றாக லீஸ், யுட்டிலிட்டி பில், சம்பளச் சீட்டு, அரசுக் கடிதங்கள் போன்றவற்றைச் சட்டம் ஏற்கிறது. வேறொருவர் வீட்டில் தங்கியிருப்பதாகச் சொன்னால், பொதுவாக உறுதிமொழிப் படிவத்தில் நீங்களும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். இந்த மாதிரிப் படிவங்களில், பொய்யானால் குற்றத் தண்டனைக்கு உட்படுவேன் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அதாவது உங்களுக்கு உதவ வந்த நண்பரும் அந்தக் கையெழுத்தில் மாட்டுகிறார். சந்தேகம் வந்தால் டிஸ்ட்ரிக்ட் விசாரிக்கலாம். விசாரணைக்கு வருபவர் தான் யார் என்று உண்மையைச் சொல்ல வேண்டும், குழந்தைகளை மறைந்திருந்து படமெடுக்கக் கூடாது, முடிவை எதிர்த்து முறையிட உங்களுக்கு வாய்ப்பு தர வேண்டும் என்றெல்லாம் கலிபோர்னியா சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் வீடு அங்கே இல்லை என்பது உண்மையாக இருக்கும்போது அந்தப் பாதுகாப்புகளால் என்ன பயன்? நடு வருடத்தில் சேர்க்கை ரத்தாகும். ஒன்பதாம் வகுப்பில், அப்போதுதான் சில தோழிகளைப் பிடித்திருக்கும் பெண்ணை, பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மீண்டும் அந்த நான்கு பேர் இருக்கும் கட்டிடத்துக்கு அனுப்ப வேண்டி வரும்.

2011-ல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் ஒரு தாய், தன் அப்பாவின் முகவரியைக் காட்டிப் பக்கத்து டிஸ்ட்ரிக்டில் இரண்டு மகள்களைச் சேர்த்ததற்காகக் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஒன்பது நாள் சிறையில் இருந்தார். பின்னர் ஆளுநர் ஜான் கேசிச் அந்தக் குற்றத்தின் தரத்தைக் குறைத்தார். அது வேறு மாநிலம், வேறு சட்டம். கலிபோர்னியாவில் பெரும்பாலும் விஷயம் சேர்க்கை ரத்தோடு முடிந்துவிடும். ஆனால் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் குடும்பம் பொய்யான உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஆதரிக்க மாட்டேன். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் குற்ற வழக்கு என்பது எப்போதும் இரட்டைச் சுமை. புகார் கொடுக்க விசாவை நினைத்துப் பயந்தீர்களே சகோதரி, பயப்பட வேண்டியது இந்தக் கையெழுத்துக்குத்தான்.

குடிபோவது

உண்மையாகவே குடிபோனால் அது முழுக்க முறையானது. யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் எல்லைக்குள் வீடு எடுத்தாலே அந்தப் பள்ளியில் இடம் உறுதி என்று நினைத்திருக்கிறீர்கள். அது சரியில்லை. டிஸ்ட்ரிக்ட் உங்கள் மகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அது சட்டம். எந்தப் பள்ளியில் என்பது வேறு கேள்வி. கூட்டம் நிரம்பி வழியும் டிஸ்ட்ரிக்டுகளில், தாமதமாகக் குடிவந்த பிள்ளைகளை அதே டிஸ்ட்ரிக்டின் வேறு பள்ளிக்கு அனுப்புவது நடக்கிறது. தொடக்கப் பள்ளியில் இது அதிகம், ஹை ஸ்கூலில் குறைவு. லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன் டிஸ்ட்ரிக்டின் சேர்க்கை அலுவலகத்துக்கு அந்த வீட்டின் முழு முகவரியைக் கொடுத்து, "அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி, இடம் இருக்கிறதா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வீட்டுத் தரகரின் விளம்பரத்தில் இருக்கும் பள்ளிப் பெயரை நம்ப வேண்டாம். எல்லைக் கோடு சில இடங்களில் தெருவின் நடுவில் போகும்.

மாதம் 900 டாலர் என்றால் நான்கு ஆண்டுகளில் 43,200 டாலர். பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தனி அறை இல்லாமல் போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் இப்போது பள்ளியிலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொள்ளக் கூடிய ஒரே இடம் அந்த அறைதான். புல்லியிங் வழியில் மாற்றம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கும்போது இதை முதலில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மற்றபடி இது உங்கள் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது.

இன்னும் இரண்டு வழிகளைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவரின் அலுவலகம் வேறு டிஸ்ட்ரிக்டில் இருந்து, பள்ளி வாரத்தில் குறைந்தது 10 மணி நேரமாவது அவர் அங்கே நேரில் வேலை பார்த்தால், அந்த டிஸ்ட்ரிக்ட் விரும்பினால் உங்கள் மகளை அங்கே குடியிருப்பவராகக் கருதிச் சேர்க்கலாம். விரும்பினால் மட்டுமே. அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்குக் கட்டணம் இல்லை, கூட்டம் அதிகமானால் குலுக்கல். அவற்றின் விண்ணப்பக் காலம் டிஸ்ட்ரிக்டின் காலத்தோடு சேர்ந்து வராது, தனியாகப் பார்க்க வேண்டும்.

அந்த 6-ம் 9-ம்

ரேட்டிங்கை நீங்கள் நம்புவதைக் குறை சொல்லவில்லை. புது ஊரில் பள்ளியைப் பற்றிச் சொல்ல வேறு ஆள் இல்லாதபோது ஒரு எண் கைக்குக் கிடைத்தால் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் கிரேட்ஸ்கூல்ஸ் போன்ற தளங்களின் எண்ணில் தேர்வு மதிப்பெண்களின் பங்கு பெரியது. தேர்வு மதிப்பெண்ணோ பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டியே போகும். ஒரு பள்ளி தன்னிடம் வந்த பிள்ளையை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்பது அந்த ஒற்றை எண்ணில் சரியாகத் தெரியாது. மாநிலம் 2017-லிருந்து நடத்தும் கலிபோர்னியா ஸ்கூல் டாஷ்போர்டு என்ற தளத்தைப் பாருங்கள். பட்டம் பெறும் விகிதம், இடைநீக்க விகிதம், கல்லூரிக்குத் தயாராக இருப்போர் என்று தனித்தனியாக நிறங்களில் காட்டும். அதோடு இரண்டு பள்ளிகளின் பாடப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணிதத்தில் கால்குலஸ் வரை போக வழி இருக்கிறதா, கல்லூரி அளவிலான ஏ.பி. வகுப்புகள் என்னென்ன இருக்கின்றன, ஒரு கவுன்சிலருக்கு எத்தனை மாணவர்கள்.

கல்லூரியை மனதில் வைத்துத்தான் 9 கேட்கிறீர்கள் என்றால் இதையும் கேளுங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது யு.சி., எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை இப்போது பார்ப்பதே இல்லை. மாணவரை அவர் படித்த பள்ளியில் கிடைத்த வாய்ப்புகளின் பின்னணியில் வைத்துப் பார்க்கிறது. இந்த ஏற்பாட்டில் சேர்ந்துள்ள ஒவ்வொரு ஹை ஸ்கூலிலும் முதல் 9 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு, வேறு யு.சி. வளாகம் எதிலும் அனுமதி கிடைக்காவிட்டாலும் இடமுள்ள ஒரு வளாகத்தில் வாய்ப்பு தருகிறது. எல்லாரும் போட்டி போடும் பள்ளியில் அந்த 9 சதவீதத்துக்குள் வருவது கடினம். பள்ளிக்கூடம் பெரிய பெயர் வாங்கினால் பிள்ளைக்குக் கல்லூரி எளிது என்ற கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 46600 பிரிவின் கீழ் கேட்டாலும், அந்த 9 ரேட்டிங் பள்ளி நிரம்பியிருந்தால் டிஸ்ட்ரிக்ட் உங்களுக்குத் தர வேண்டியது வேறொரு பள்ளி. அதன் ரேட்டிங் 7 ஆக இருக்கலாம், 6 ஆகவே இருக்கலாம். "அதுக்கு இங்கேயே இருக்கலாமே" என்று வீட்டில் ஒரு பேச்சு வரும். அப்போது அந்த இரண்டு பள்ளிகளுக்கும் எண்ணில் வித்தியாசம் இல்லை என்றாலும், ஒன்றில் அந்த நால்வர் இருக்கிறார்கள், மற்றொன்றில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். என் பார்வையில் உங்கள் மகளுக்கு அதுதான் பெரிய வித்தியாசம்.

மாற்றம் கிடைத்தால் ஏற்பதற்கு முன்

டிஸ்ட்ரிக்டிடம் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்த அனுமதி பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா? வருகைக் குறைவையோ வேறு எதையோ காரணமாகக் காட்டி ரத்து செய்ய முடியுமா? ஒத்துவராவிட்டால் எல்லைப் பள்ளிக்குத் திரும்ப முடியுமா? போக்குவரத்தைப் பெரும்பாலும் நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் பள்ளிப் பேருந்துகள் குறைவு, மாற்றம் கேட்டு வந்தவர்களுக்கு இன்னும் குறைவு. நீங்கள் கார் ஓட்டுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். காலை எட்டரை மணிக்கு ஐந்து மைல் தூரத்தை யார், எதில் கொண்டுபோய் விடுவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். உள்ளூர்ப் பேருந்துத் தடத்தில் ஒரு காலை அவளோடு போய்ப் பாருங்கள்.

மகள் பேட்மிண்டன் விளையாடுகிறாள் என்றும் சொன்னீர்கள். ஹை ஸ்கூல் விளையாட்டுகளை நடத்தும் சி.ஐ.எஃப். அமைப்பின் விதிப்படி, வீடு மாறாமல் நடுவில் பள்ளி மாறினால் போட்டிகளில் ஆடுவதற்குக் கட்டுப்பாடு வரலாம். ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகச் சேரும்போது அந்தச் சிக்கல் பொதுவாக இல்லை. பத்தாம் வகுப்பில் மாற்றிப் பார்ப்போம் என்று ஒத்திப்போடாமல் இப்போதே முயல்வது நல்லது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதம் முழுவதிலும் மகள் எந்தப் பள்ளிக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. புகாரை அனுப்பும் முன் அவளிடம் சொல்லுங்கள். அவள் பெயரில் விசாரணை நடக்கப் போகிறது, அவளைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அவளுக்குத் தெரியாமல் அது தொடங்கக் கூடாது. டிரான்ஸ்ஃபர் படிவத்தில் விருப்பப் பள்ளிகளை வரிசையாக எழுதக் கேட்டிருந்தால், முதல் வரியில் நீங்கள் விரும்பும் பள்ளியை எழுதுங்கள், தவறில்லை. இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் நிரப்பும் முன் அந்தப் பள்ளிகளுக்கு அவளை அழைத்துப் போய்க் காட்டி, அவள் சொல்லும் வரிசையில் எழுதுங்கள். முதல் பள்ளி நிரம்பிவிட்டால் சட்டம் உங்களுக்கு வாங்கித் தரப்போவது அந்த வரிகளில் இருக்கும் பள்ளியைத்தான்.